கூட்டாகச் செய்திமடல் போட்ட கணினிக் கழகத்தார் யாராவது இருக்கிறீர்களா? (திருகோணமலைப் பக்கம்)

உவர்மலையான்:

யுத்த நிறுத்தக் காலத்தில் டவுன், கிண்ணியா, மூதூர் கழகங்கள் சேர்ந்து ஒரே மடல் போட்டது இங்கே பலருக்குத் தெரியும். முன்கதை வேண்டாம். அச்சகத்தில் நடந்த ஒன்றை மட்டும் எழுதுகிறேன், இத்தனை காலம் ஆகியும் அது மனதை விட்டுப் போகிறதாக இல்லை.

பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்த கோப்பைப் பிளொப்பியில் கொண்டு போனோம். அச்சகத்துக் கம்ப்யூட்டருக்கு அன்றுதான் வின்டோஸ் புதிதாகப் போட்டிருந்தார்கள், ஆங்கில எழுத்துக்களின் இடத்தில் தமிழைக் காட்டுகிற பாமினி எழுத்துரு அதில் இல்லை. திறந்தால் பக்கம் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். பாமினியில் அடித்தவர்களுக்குத் தெரியும், எழுத்துரு இல்லாத இடத்தில் 'தமிழ்' என்பது ஜே, கே, பீ, ஓ, அரைப்புள்ளி என்று நிற்கும். எழுத்துரு இருந்த பிளொப்பி கிண்ணியாவில் தங்கிவிட்டது. பாலம் இல்லாத காலம். பொழுது படுகிற நேரத்தில் பாதையை, அதாவது துறையைக் கடக்கிற மிதவையை, பிடித்துப் போய் வர முடியாது.

அங்கே தட்டச்சு வேலை செய்த ஐயா, ஈய எழுத்துக் கோத்த காலத்திலிருந்தே அந்த அச்சகத்தில் இருந்தவர். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "பிழை பார்க்கிறதுதானே, அதுக்கு எழுத்துரு எதுக்கு?" என்று அந்த ஆங்கிலக் குப்பையை அப்படியே தமிழாக வாசிக்கத் தொடங்கினார். தட்டுத் தடுமாறி இல்லை, கோயிலில் புராணம் படிக்கிறவர் மாதிரி. நாங்கள் கையெழுத்துப் பிரதியை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தோம். ஒரு சொல் பிசகவில்லை.

தலையங்கத்தில் ஒரு வரி இருந்தது: "கணினி வந்துவிட்டதால் இனி அச்சு கோப்பவர்களுக்கு வேலை இருக்காது." அதையும் அதே குரலில் வாசித்தார். பிறகு நிறுத்தினார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறோம்.

"இதிலே எஃப்பும் அரைப்புள்ளியும் விட்டுப் போச்சு தம்பி. அச்சுக் கோப்பவர். க் வரவேணும்."

திருத்தினார், அடுத்த வரிக்குப் போனார். மடல் அந்த வரியோடுதான் வந்தது, க் சேர்ந்து.

உங்களுக்கும் இப்படி ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.

கிண்ணியாத் துறையடி:

அந்தத் தலையங்கம் எங்கள் பக்கத்தார் எழுதியது இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். டவுன்காரர் எழுதியது. எழுத்துருப் பிளொப்பி எங்களிடம் "தங்கிவிட்டது" என்றும் எழுதியிருக்கிறீர்கள். தங்கவில்லை, நீங்கள் ஆள் அனுப்பி எடுப்பதாகச் சொன்னீர்கள், ஆள் வரவில்லை. சரி, அது கிடக்கட்டும்.

நம்முடைய கட்டுரைகள் எல்லாம் 1.44 எம்பி பிளொப்பியில்தான் துறையைக் கடந்தன. சோதனைச் சாவடியில் ஒரு நாள் ஓர் ஆமிக்காரப் பெடியன் என் சட்டைப் பையில் இருந்ததை வெளியே எடுத்தான். மீசை சரியாக முளைக்காத முகம். இது என்ன என்று கேட்டான். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கம்ப்யூட்டர் என்றேன். அவனுக்கு அந்தத் தகரக் கதவு பிடித்துப் போய்விட்டது. பெருவிரலால் இழுக்கிறான், விடுகிறான், டக் என்று மூடுகிறது. திரும்ப இழுக்கிறான். பிறகு உள்ளே தெரிந்த கறுப்புத் தட்டை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, பாட்டு இருக்கா என்று கேட்டான். சிரித்த முகமாகத்தான் கேட்டான். நான் "ஐயோ தொடாதே" என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் நின்றேன். அந்த இடத்தில் நின்றவர்களுக்கு ஏன் என்று விளங்கும்.

டவுனுக்குப் போய்ப் போட்டால், "இந்தத் தட்டு ஃபோர்மட் செய்யப்படவில்லை, செய்யவா?" என்று கேட்கிறது. அந்த இதழில் எங்கள் பக்கம் வெறும் பெட்டியாக வந்தது. டவுன்காரர் அதற்குள் "இடம் ஒதுக்கப்பட்டுள்ளது" என்று அடித்திருந்தார்கள், ஏதோ நாங்கள் எழுதாமல் விட்டது போல. அதற்குப் பிறகு எப்போதும் இரண்டு பிரதி, இரண்டு பேரின் பையில். 2009இல் பாலம் திறந்தபோது எல்லோரும் வாகனத்தைப் பற்றிப் பேசினார்கள், எனக்கு அந்தத் தகரக் கதவின் சத்தம்தான் ஞாபகம் வந்தது.

கொட்டியாரக்காரி:

மூதூரிலிருந்து நான். அப்போது உயர்தரம் படித்துக்கொண்டிருந்தேன். மடலில் "நீங்களே செய்து பாருங்கள்" பகுதிக்கு டர்போ பாஸ்கல் என்ற நிரல் மொழியில் பெருக்கல் வாய்ப்பாடு போடும் நிரல் ஒன்று எழுதிக் கொடுத்தேன். அச்சுக்குப் போன இடத்தில் யாரோ பக்கத்தை முழுதாகத் தெரிவு செய்து பாமினிக்கு மாற்றிவிட்டார்கள். மேலே சொன்ன கதைக்கு நேர் எதிர்! ஆங்கிலமாக இருக்க வேண்டியது தமிழாகிவிட்டது. இஃப் என்று இருந்த இடமெல்லாம் 'கை'. ஃபோர் என்று இருந்த இடமெல்லாம் 'கழச'. டூ வந்த இடத்தில் 'னழ'. பாஸ்கலில் வரிக்கு வரி வரும் அரைப்புள்ளி, கடைசி எழுத்தின் தலையில் புள்ளியாக ஏறி உட்கார்ந்திருந்தது. இலக்கங்கள் மட்டும் தப்பின.

நான் அழாத குறை. ஆனால் சொல்ல வந்தது அது இல்லை.

பக்கத்து வீட்டில் ஆறாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை ஒன்று. வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது, கழகத்துக்கு வரும் வயதும் இல்லை. அந்தப் பக்கத்தை அப்படியே சீஆர் கொப்பியில் பார்த்து எழுதி, கழசவுக்குச் சிவப்புப் பேனையால் கோடு போட்டுக்கொண்டு வந்தாள். பிழையாக அச்சடித்துவிட்டார்கள், இதற்கு அர்த்தம் இல்லை என்று சொன்னேன். அவள் கேட்கவில்லை. கொப்பியை என் பக்கம் திருப்பி, "இல்லை அக்கா, பாருங்களேன். கழச வந்தா எண்ணத் தொடங்குது, ஒண்டிலேர்ந்து பன்ரண்டு வரைக்கும். கை வந்தா கேள்வி கேக்குது. கேள்விக்கு ஓம் எண்டாத்தான் அடுத்ததைச் செய்யுது" என்றாள்.

நிரல் என்றால் என்ன என்று அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்த இலக்கங்களையும் அடைப்புக்குறிகளையும் வைத்தே பிடித்துவிட்டாள். எங்கள் கழகத்தில் ஆங்கிலத்தில் சரியாகப் படித்த பெரிய ஆட்களுக்கு நான் ஒரு மாதமாக விளங்கப்படுத்திக்கொண்டிருந்த விஷயம் அது.

2006இல் மூதூர் இடம்பெயர்ந்தபோது அவர்களும் போனார்கள். திரும்பி வரவில்லை. எங்கே இருக்கிறாள் என்று தெரியாது.

பழைய மொடம்:

எனக்கும் ஒன்று உண்டு, சுருக்கமாகச் சொல்கிறேன். 2022இல் பாடசாலைக் கழகங்கள் சில சேர்ந்து மடல் போட முனைந்தன, என்னைப் பார்க்கச் சொன்னார்கள். பேப்பர் தட்டுப்பாடு, பத்திரிகைகளே பக்கம் குறைத்த நேரம். பிள்ளைகள் பழைய பரீட்சைத் தாள்களின் வெற்றுப் பின்பக்கத்தில் அச்சடித்தார்கள். ஒரு தகப்பன் மடலை வாங்கிப் பின்பக்கம் திருப்பி, அங்கே தன் மகனின் கணித விடைத்தாளைக் கண்டார். அவ்வளவுதான் கதை.

ஆனால் மேலே எழுதிய எல்லாருமே அடிப்படையைத் தவறவிட்டிருக்கிறீர்கள். இனிமேல் யாராவது கூட்டு மடல் போடுவதாக இருந்தால் தயவுசெய்து கவனியுங்கள். முதலாவது, பாமினியைத் தொடவே வேண்டாம். ஒருங்குறியில் (யூனிகோட்) எழுதினால் இஃப் இஃப்பாகவே இருக்கும், கையாக மாறாது. பழைய பாமினிக் கட்டுரைகளை மாற்றிக்கொள்வதென்றால், இடையில் வரும் ஆங்கிலச் சொற்களை முதலில் தனியே எடுத்து வையுங்கள், எழுத்துரு மாற்றும் மென்பொருள் அவற்றையும் சேர்த்து விழுங்கிவிடும். பக்க வடிவமைப்புக்குக் களவு மென்பொருள் வேண்டாம். ஸ்கிரைபஸ் இலவசம், ஆனால் பழைய 1.4இல் தமிழ்க் கொம்புகள் கழன்று நிற்கும், 1.6 எடுங்கள். இன்டிசைன் வைத்திருப்பவர்கள் அதில் தமிழ் போன்ற எழுத்துக்களைச் சரியாகக் கோக்கும் வேர்ல்ட் ரெடி கம்போசரை இயக்காவிட்டால் அங்கும் இதே கதிதான். அச்சகத்துக்கு ஒருபோதும் மூலக் கோப்பைக் கொடுக்காதீர்கள், எழுத்துரு பதித்த பிடிஎஃப் மட்டும். நடுவில் மடித்துப் பின் அடிக்கிற மடல் என்றால் பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும். ஒவ்வொரு கழகமும் "எங்களுக்கு ஒரு பக்கம்" என்று கேட்கும், கடைசியில் பதின்மூன்றில் வந்து நிற்பீர்கள்.

அதைவிட முக்கியம் உள்ளடக்கம். அமெரிக்காவின் ஹோம்ப்ரூ கணினிக் கழகம் முதன்முதலில் 1975 மார்ச் 5ஆம் திகதி கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில் ஒரு வாகனக் கொட்டகையில் கூடியது. அதன் மடலைத் தொகுத்த பிரெட் மூர் தலையங்கத்தில் தத்துவம் பேசிக்கொண்டிருக்கவில்லை. யார் என்ன செய்கிறார்கள், யாருக்கு என்ன உதவி வேண்டும் என்று போட்டார். அடுத்த ஆண்டு பெப்ரவரியில் பில் கேட்ஸ் பொழுதுபோக்குக் கணினிக்காரர்களுக்கு எழுதிய பகிரங்கக் கடிதம், எங்கள் பேசிக் நிரல்மொழி மென்பொருளைப் பெரும்பாலானோர் காசு கொடுக்காமல் எடுத்துக்கொண்டீர்கள் என்ற கடிதம், அதே மடலிலும் வந்தது. திட்டு வாங்கியவர்களே திட்டை அச்சடித்தார்கள். நம் கூட்டு மடல் எதிலாவது ஒரு கழகத்தை மற்றக் கழகம் குறை சொன்ன கடிதம் வந்ததா? அதற்கும் ஒரு பக்கம் ஒதுக்கப் பழகுங்கள்.

டச்சுபே:

மொடம் ஐயா, கேட்டது அனுபவம். நீங்கள் பாடத்திட்டமே கொடுத்துவிட்டீர்கள். குறை சொல்லும் கடிதம் வரவில்லை என்பதும் சரியில்லை. குறை சொல்லிச் சொல்லித்தான் ஓர் இதழே இரண்டு மாதம் பிந்தியது.

பிரச்சினை என்னவென்றால் முகப்பில் எந்தக் கழகத்தின் பெயர் முதலில் வருவது. டவுன்காரர் அகர வரிசை என்றார்கள். அகர வரிசையில் கிண்ணியாதான் முதலில் வரும் என்று தெரிந்ததும் தொடங்கிய ஆண்டு வரிசை என்றார்கள். மூதூர்க்காரர் உறுப்பினர் தொகை என்றார்கள். கோட்டை வாசலுக்கு உள்ளே மர நிழலில் இருந்து கதைத்தோம், ஒவ்வொருவரும் ஒரு மாதிரித் தாளில் தங்கள் வரிசையை எழுதிக்கொண்டு வந்திருந்தார்கள். டவுன் தாளில் யாரோ உளுந்து வடையைச் சுற்றிக் கொண்டு வந்திருந்தார். சண்டை உச்சத்தில் இருக்கும்போது கோட்டை மான் ஒன்று வந்து அந்தத் தாளை எடுத்து, எங்களைப் பார்த்தபடியே மென்று விழுங்கிவிட்டது. கிண்ணியாக்காரர் ஒருவர் "சரி, தீர்ப்பு வந்துட்டுது" என்றார். யாரும் சிரிக்கவில்லை. டவுன் தலைவர் எழும்பிப் போய்விட்டார்.

கிண்ணியாத் துறையடி:

அந்த வசனத்தைச் சொன்னது என் மச்சான். அவர் சொன்னது "மானுக்கும் டவுன் வரிசை பிடிக்கல்ல" என்று. வடை கொண்டு வந்தது நீங்கள்தான், "யாரோ" இல்லை.

உவர்மலையான்:

தலைவர் மானுக்காக எழும்பிப் போகவில்லை, அவருக்குக் கொழும்புக்குப் போகும் இரவு ரயில் இருந்தது. கொட்டியாரக்காரித் தங்கச்சி, அந்தக் கழச வந்த இதழ் உங்களிடம் இருக்கிறதா? என்னிடம் இருந்தது 2004 டிசம்பரில் கடலோடு போய்விட்டது. கிடைத்தால் ஸ்கேன் செய்து எல்லாருக்கும் அனுப்பலாம்.

கொட்டியாரக்காரி:

இருக்கிறது அண்ணா. முன் அட்டை கிழிந்துபோயிற்று, யார் பெயர் முதலில் என்று இனிப் பார்க்க முடியாது. பெருநாள் லீவுக்கு டவுனுக்கு வரும்போது கொண்டு வருகிறேன்.

பழைய மொடம்:

ஸ்கேன் செய்கிறவர் 300 டிபிஐக்குக் குறையாமல் எடுக்கவும். கறுப்பு வெள்ளையில் வேண்டாம், சாம்பல் நிறத்தில் எடுக்கவும். இல்லாவிட்டால் மெய்யெழுத்துப் புள்ளிகள் காணாமல் போகும்.