.32 லைசென்ஸ் வந்தாச்சு: ரிவால்வரா, பிஸ்டலா, இரண்டுமே வேண்டாமா?

தோப்புக்காரன் (பொள்ளாச்சி பக்கம்):
போலீஸ் அறிக்கை, தாசில்தார் அறிக்கை என்று நடையாய் நடந்து, ஒருவழியாகக் கலெக்டர் ஆபீஸிலிருந்து கைத்துப்பாக்கி லைசென்ஸ் வந்துவிட்டது. தொழில் கொப்பரை. பணத்தோடு ராத்திரி தோப்பு ரோட்டில் தனியாக வர வேண்டியிருக்கிறது. வீட்டில் அப்பா காலத்து இரட்டைக்குழல் உண்டு, ஆனால் அதை மாட்டிக்கொண்டு பைக் ஓட்டவா முடியும்? ஒன்றேகால், ஒன்றரை லட்சத்துக்குள் பார்க்கிறேன். சின்னதாக, நம்பி எடுக்கும்படி இருக்க வேண்டும். பழைய வெளிநாட்டுத் துப்பாக்கி ஒன்றும் வருகிறது. விலையைக் கேட்டதும் போனை வைத்துவிட்டேன்.

ஓய்வு ஹவில்தார்:
வெளிநாட்டு ஆசையை விடுங்க தம்பி. இறக்குமதி நின்று பல வருஷம் ஆனதால்தான் அந்த விலை. 9 எம்எம் நம் நாட்டில் தடை செய்யப்பட்ட ரகம், சாதாரண லைசென்ஸில் கிடைக்காது. உங்கள் லைசென்ஸுக்கு மிச்சம் இருப்பது .32தான், அதாவது குழாய்த் துளை சுமார் .32 அங்குலம். அதில் கண்ணை மூடிக்கொண்டு கான்பூர் அரசு ஆலை ரிவால்வர் வாங்குங்க. ஒரு தோட்டா வெடிக்கவில்லையா, விசையை மறுபடி இழுத்தால் உருளை சுற்றி அடுத்தது வந்து நிற்கும். பிஸ்டல் மக்கர் செய்தால் இரண்டு கையும் வேண்டும். பைக் ஓட்டுகிறவருக்கு இரண்டாவது கை ஏது?

கிளப் சூட்டர் (கோவை):
ஹவில்தார் ஐயா பாதிதான் சொல்கிறார். ரிவால்வரும் மக்கர் செய்யும். எரியாத மருந்துத் துணுக்கு ஒன்று உருளைக்கு அடியில் சிக்கினால் போதும், உருளை சுற்றாது. அதைச் சரிசெய்வது பிஸ்டலைவிடத் தொல்லை. அப்புறம், ரிவால்வரின் பின்பக்கம் இருக்கும் சுத்தியலை இழுத்து வைக்காமல் நேராக விசையை இழுத்துப் பாருங்கள், எவ்வளவு கனம் என்று தெரியும். பழக்கமில்லாதவர் கை கீழே இறங்கி, குண்டு தரையில்தான் போகும். நம் நாட்டு அரசு ஆலையின் அஷானி பிஸ்டல் தட்டையாக இடுப்போடு ஒட்டிக்கொள்ளும். மேகசினில் 8 தோட்டா, ரிவால்வரில் 6.

மதுரை வக்கீல்:
ஆறா எட்டா என்று அடித்துக்கொள்கிறீர்களே, ஆபத்து வரும்போது அது இவர் இடுப்பில் இருக்குமா என்று யாராவது கேட்டீர்களா? தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். 2024 மக்களவைத் தேர்தலையே எடுத்துக்கொள்ளுங்கள். மார்ச் 16 அறிவிப்பு. நம் மாநிலத்தில் வாக்குப்பதிவு ஏப்ரல் 19-லேயே முடிந்தது. எண்ணிக்கை ஜூன் 4. யார் ஒப்படைக்க வேண்டும் என்று பார்க்கும் மாவட்ட ஆய்வுக் குழு விலக்கு தந்தால் உண்டு. இல்லையென்றால் அந்த 80 நாளும் துப்பாக்கி ஸ்டேஷனில், ரசீதுதான் உங்கள் சட்டைப்பையில். இதே கூத்து சட்டமன்றத்துக்கும் நடக்கும்.

இன்னொன்று. தற்காப்பு உரிமை இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 34 முதல் 44 வரையான பிரிவுகளில் இருக்கிறது. தேவைக்கு மேல் தீங்கு செய்ய அதில் இடமில்லை. கத்தியை ஓங்கி நிற்பவனைச் சுடுவது வேறு, பையைப் பறித்துக்கொண்டு ஓடுகிறவன் முதுகில் சுடுவது வேறு. இரண்டாவதைச் செய்துவிட்டு என்னைப் போன்றவரிடம் வந்தால் ஒரு துப்பாக்கி விலை ஃபீஸுக்கே போகும்.

தோப்புக்காரன்:
வக்கீல் சார், சட்டம் புரிகிறது. ஆனால் அந்த ரோட்டில் விளக்கே கிடையாது. உங்கள் யோசனை என்ன, கும்பிடு போடவா?

மதுரை வக்கீல்:
பணத்தை வங்கி வழியாக அனுப்பச் சொல்லுங்கள் என்கிறேன்.

தோப்புக்காரன்:
மரம் ஏறுகிறவருக்கும் மட்டை உரிக்கிறவருக்கும் கூலி கையில்தான் கொடுக்க வேண்டும். அவர்களிடம் போய் வங்கி என்றால் சிரிப்பார்கள்.

சேலத்து அக்கா:
நிர்பீக் ரிவால்வர் ('பயமற்ற' என்று பொருள்) பற்றி யாருமே பேசவில்லையே. 2014-ல் பெண்களுக்கான துப்பாக்கி என்று கொட்டடித்து விட்டார்கள். டைட்டானியம் கலவை, 500 கிராம், கைப்பைக்குள் அடங்கும். அப்போதைய விலை 1,22,360 ரூபாய்! கடைசி பஸ்ஸில் வீட்டுக்கு வரும் பெண்ணுக்கு அது எத்தனை மாதச் சம்பளம்? பெயரை வைத்ததோடு கடமை முடிந்தது அவர்களுக்கு. தம்பி, கொடுக்கிற காசில் ஒரு நல்ல இரும்புப் பெட்டியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் பீரோ மேல்தட்டு பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். நாற்காலி போட்டு ஏறிவிடும்.

ஓய்வு ஹவில்தார்:
அக்கா சொல்வது நூற்றுக்கு நூறு. நிர்பீக்கில் கூடுதல் காசு எடை குறைவுக்குத்தான், சுடுவது அதே .32தான். 2023-ல் பிரபல் என்று ஒரு ரிவால்வர் வந்திருக்கிறது, அதையும் பாருங்க. பழையதில் குழாயை முன்னால் மடக்கித்தான் தோட்டா போட வேண்டும். இதில் உருளை பக்கவாட்டில் வெளியே வரும். நம் நாட்டு ரிவால்வரில் இதுவே முதல் தடவை. குழாய் 76 மில்லிமீட்டர்தான்.

கடையில் வெறும் பெட்டியைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டாதீங்க. தோட்டா இல்லை என்று முதலில் உறுதி செய்துகொண்டு, சுத்தியலை மெதுவாக இழுங்க. முழுசாக நின்றதும் உருளையை விரலால் லேசாக அசைத்துப் பாருங்க. லொடலொட என்று ஆடினால் அதை வைத்துவிட்டு வேறொன்று கேளுங்க. ஆறு அறைக்கும் இப்படியே பார்க்கணும். கடைக்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

கிளப் சூட்டர்:
இந்தச் சோதனை சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வாங்கி வைத்துவிட்டு ஆயுத பூஜைக்கு மட்டும் வெளியே எடுப்பதென்றால் எந்த மாடலும் உதவாது. ரைஃபிள் கிளப்பில் சேர்ந்து பழகுங்கள். லைசென்ஸ் ஒதுக்கீட்டில் கிடைக்கும் தோட்டாவில் பாதியையாவது அங்கே செலவழியுங்கள். தோட்டா வாங்கும்போதும் ஜாக்கிரதை, இரண்டையும் .32 என்றுதான் சொல்வார்கள். ரிவால்வர் தோட்டா நீளம், அடியில் விளிம்பு நன்றாக வெளியே நிற்கும். பிஸ்டல் தோட்டா குட்டை, விளிம்பு பெயருக்குத்தான். ஒன்றுக்கு மற்றது ஆகாது. முதலில் லைசென்ஸ் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ரிவால்வர் என்று மட்டும் இருந்தால் நாங்கள் இவ்வளவு நேரம் கத்தியது வீண்.

தோப்புக்காரன்:
இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். 'ரிவால்வர் / பிஸ்டல்' என்று கோடு போட்டு இரண்டையும் எழுதி வைத்திருக்கிறார்கள். நீங்கள் தொடரலாம்.