எம்.எஸ். மாணவர் சிசிடிசி குழுவில் சேரலாமா? போட்டி எப்படி நடக்கும்?

வைகைக்கரையான்:

அனைவருக்கும் வணக்கம். டெக்சாஸில் ஒரு பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் எம்.எஸ். முதலாண்டு படிக்கிறேன். மதுரையில் பி.இ. படித்தபோது சிடிஎஃப் எனப்படும் கணினிப் பாதுகாப்புப் புதிர்ப் போட்டிகளில் ஆர்வமாகக் கலந்துகொண்டேன். புதிரை உடைத்து உள்ளே புகுவது எனக்கு மிகவும் பிடித்த வேலை.

இங்கே மாணவர் மன்றத்தில் சிசிடிசி, அதாவது கல்லூரிகளுக்கு இடையிலான இணையப் பாதுகாப்புப் போட்டிக்கான குழுவுக்கு ஆள் எடுக்கிறார்கள். "யாரையும் தாக்கக் கூடாது, காப்பது மட்டுமே நம் வேலை" என்று தலைவர் சொன்னார். அப்படியானால் இரண்டு நாள் முழுக்க என்ன செய்வார்கள்? மதிப்பெண் எப்படி வரும்? எம்.எஸ். மாணவர்களுக்கு இடம் உண்டா? வார இறுதிகளில் வளாகத்தில் பகுதிநேர வேலையும் செய்கிறேன், அதனால் தெரிந்துகொண்டு இறங்க நினைக்கிறேன். கலந்துகொண்டவர்கள் யாராவது சொல்ல முடியுமா?

நிலா_நீலக்குழு:

தாராளமாகச் சேருங்கள் தம்பி. நான் தென்மேற்கு மண்டலப் போட்டியில் லினக்ஸ் சர்வர்களைக் கவனித்தவள். இப்போது ஒரு நிறுவனத்தின் பாதுகாப்புக் கண்காணிப்பு மையத்தில் வேலை பார்க்கிறேன்.

முதலில் உங்கள் இடத்தைப் பற்றி. குழுவின் பட்டியலில் பன்னிரண்டு பேர் வரை இருக்கலாம், களத்தில் இறங்குவது எட்டுப் பேர். முதுநிலை மாணவர்கள் இருவருக்கு மேல் கூடாது. அந்த இரண்டு இடத்துக்குப் போட்டி இருக்கும் என்பதால் தேர்வுக்கு முன்பே பயிற்சிக் கூட்டங்களுக்குப் போய் முகம் காட்டுங்கள். முழுநேர மாணவராக இருக்க வேண்டும் என்பதும் விதி. எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கு அதில் பொதுவாகச் சிக்கல் வராது.

இனி போட்டிக்கு வருவோம். 2005இல் சான் அன்டோனியோவில் தொடங்கியது இது. அங்குள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையம்தான் தேசியப் போட்டியை உருவாக்கியது. தகுதிச் சுற்று, மண்டலம், தேசிய இறுதி என்று ஆண்டின் முதல் சில மாதங்களில் படிப்படியாக நடக்கும்.

உங்களிடம் ஒரு கற்பனை நிறுவனத்தின் கணினிப் பிரிவை ஒப்படைப்பார்கள். பழைய ஆட்கள் எல்லோரும் போய்விட்டார்கள், நீங்கள் புதிதாக வந்திருக்கிறீர்கள் என்பதுதான் கதை. பயனர் கணக்குகளைச் சரிபார்க்கும் விண்டோஸ் டொமைன் கன்ட்ரோலர், மின்னஞ்சல் சர்வர், இணையக் கடை, தளப் பெயரை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ், வெளியிலிருந்து வரும் இணைப்புகளை வடிகட்டும் ஒரு ஃபயர்வால் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். பாதிக்கு மேல் பழைய பதிப்புகள், ஊரறிந்த கடவுச்சொற்கள். எல்லாக் குழுக்களுக்கும் ஒரே அமைப்பு. இவற்றைத் தாக்குவதற்கென்று சிவப்புக் குழு ஒன்று காத்திருக்கும். அவர்கள் மாணவர்கள் அல்லர், இதையே தொழிலாகச் செய்பவர்கள். நீங்கள் திருப்பித் தாக்கவோ பக்கத்துக் குழுவைத் தொடவோ கூடாது, தொட்டால் வெளியேற்றம்தான். பந்தி நடந்துகொண்டிருக்கும்போதே பந்தலைப் பிரித்துக் கட்டுவது போன்ற வேலை இது, சாப்பிடுகிறவர் யாரும் எழுந்துவிடக் கூடாது.

மதிப்பெண்ணைப் புரிந்துகொண்டால் பாதிப் போட்டி புரிந்துவிடும். தானியங்கி நிரல் ஒன்று சில நிமிடங்களுக்கு ஒருமுறை வாடிக்கையாளரைப் போல வந்து உங்கள் சேவைகளைச் சோதிக்கும். இணையப் பக்கம் சரியாகத் திறக்கிறதா, டிஎன்எஸ் சரியான முகவரியைத் தருகிறதா, பயனர் கணக்கில் நுழைந்து அஞ்சல் எடுக்க முடிகிறதா என்று பார்க்கும். வேலை செய்தால் புள்ளி. சிவப்புக் குழு நிர்வாகி அதிகாரத்தைப் பிடித்தாலோ தரவைத் திருடினாலோ புள்ளி கழியும்.

இங்கேதான் சிடிஎஃப் பழக்கத்தில் வருபவர்கள் தடுமாறுகிறார்கள். கடவுச்சொற்களை மாற்றுவது முதல் கடமை, சரி. ஆனால் அந்தத் தானியங்கி நிரலும் பயனர் கடவுச்சொல்லைப் பயன்படுத்தித்தான் அஞ்சலைத் திறக்கிறது. மாற்றிய பட்டியலை நடுவர்களிடம் முறைப்படி கொடுக்காவிட்டால் சர்வர் நலமாக இருந்தும் உங்கள் மதிப்பெண் பலகையில் அந்தச் சேவைக்குச் சிவப்பு விழும். எங்கள் மண்டலத்தில் ஒரு குழு ஃபயர்வாலை இறுக்கி மூடி, சிவப்புக் குழுவோடு சோதனை நிரலையும் வெளியே நிறுத்திவிட்டது. யாரும் அவர்களுக்குள் நுழையவில்லை, புள்ளியும் நுழையவில்லை.

இன்னொரு பக்கம் இன்ஜெக்ட். நிர்வாகத்திடமிருந்து வரும் வேலைகளை அப்படித்தான் அழைப்போம். "வேலையை விட்டுப்போன இந்த ஊழியரின் கணக்கை முடக்குங்கள்", "நம்மிடம் உள்ள கணினிகளின் பட்டியலை ஒரு மணி நேரத்தில் அனுப்புங்கள்", "கடவுச்சொல் கொள்கை எழுதித் தாருங்கள்", "பதிவுகளைச் சேகரிக்கும் சர்வர் ஒன்றை நிறுவுங்கள்" என்று வந்துகொண்டே இருக்கும். கெடு தாண்டினால் புள்ளி இல்லை. தொழில்நுட்பம் தெரியாத மேலதிகாரிக்குப் புரியும்படி, நல்ல கடிதமாக எழுத வேண்டும். சொல்லப்போனால் எட்டுப் பேரும் கில்லாடி ஹேக்கர்களாக இருக்கும் குழுவைவிட, தெளிவாக எழுதும் ஒருவர் உள்ள குழுவைத்தான் நான் பந்தயம் கட்டி ஆதரிப்பேன். இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. இன்று என் வேலையில் பாதி நேரம் எழுத்துதான்.

தாக்குதல் எப்படி இருக்கும் என்று ஒரு காட்சி சொல்கிறேன். வலைச் சர்வரில் எங்களுக்குத் தெரியாத ஒரு கணக்கு இருந்தது. கணினியே உருவாக்கியதைப் போன்ற பெயர், ஆனால் நிர்வாகி அதிகாரம். நீக்கினோம், ஐந்து நிமிடத்தில் மறுபடி முளைத்தது. என் தோழி பதற்றப்படாமல் கிரான் வேலைகளை, அதாவது லினக்ஸ் குறித்த நேரத்தில் தானாக இயக்கும் கட்டளைகளை, வரிவரியாகப் படித்தாள். அங்கே ஒரு வரி வேறொரு கோப்பை இயக்கிக்கொண்டிருந்தது, அந்தக் கோப்பு அந்தக் கணக்கையும் கடவுச்சொல் இல்லாமலே தொலைவிலிருந்து நுழைய உதவும் ஒரு எஸ்எஸ்எச் சாவியையும் திரும்பத் திரும்ப நட்டுக்கொண்டிருந்தது. அவள் உடனே அழிக்கவில்லை. நேரம், எந்த முகவரியிலிருந்து இணைப்பு வந்தது, எந்தக் கோப்பு, என்ன அனுமதி என்று எல்லாவற்றையும் குறித்துக்கொண்ட பிறகே அழித்தாள். அந்தக் குறிப்பைச் சம்பவ அறிக்கையாகக் கொடுத்தோம். நல்ல சம்பவ அறிக்கை கொடுத்தால், இழந்த புள்ளியில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். ஆதாரமில்லாமல் "தாக்கினார்கள், தடுத்தோம்" என்று எழுதினால் ஒன்றும் கிடைக்காது.

வார இறுதி பற்றிக் கேட்டீர்கள். போகத்தான் செய்யும். சென்ட்ரல் ஃப்ளோரிடா பல்கலைக்கழகம் 2014, 2015, 2016 என்று மூன்று ஆண்டும் தேசியப் பட்டம் வென்றது. வர்ஜீனியா பல்கலைக்கழகம் 2018, 2019 இரண்டிலும் வென்றது. மூத்தவர்கள் இளையவர்களுக்கு வேலையைக் கைமாற்றிக் கொடுக்கும் கல்லூரிகள்தான் இப்படித் தொடர்ந்து வெல்ல முடியும் என்பது என் எண்ணம். பகுதிநேர வேலையின் நேரத்தை வார நாள்களுக்கு மாற்ற முடியுமா என்று இப்போதே மேலாளரிடம் பேசிவிடுங்கள்.

செந்தில்_வெள்ளை:

நிலா சொன்னதோடு நடுவர் பக்கத்திலிருந்து கொஞ்சம். வெள்ளைக் குழுவில் தன்னார்வலராக அறை நடுவர் வேலை பார்த்திருக்கிறேன். கைப்பேசி, பென் டிரைவ், சொந்த மடிக்கணினி எதுவும் உள்ளே வரக் கூடாது. அச்சிட்ட குறிப்புகள் கொண்டுவரலாம். இணையத்தில் எல்லோருக்கும் பொதுவாகக் கிடைப்பதைப் பார்க்கலாம், உங்கள் குழு மட்டும் திறக்கக்கூடிய தனிக் களஞ்சியத்தைத் தொடக் கூடாது. பயிற்சி கொடுத்த பேராசிரியர் போட்டி நடக்கும் நேரத்தில் ஒரு வார்த்தை உதவக் கூடாது.

வாடிக்கையாளர் போலவும் ஊழியர் போலவும் தொலைபேசியில் அழைப்பதற்கு ஆரஞ்சுக் குழு என்று சில போட்டிகளில் ஆட்கள் உண்டு. எரிந்து விழுபவர்களுக்கு அங்கே புள்ளி போகும்.

ஒரு விஷயத்தில் நிலாவைவிட நான் கறாரானவன். சந்தேகப்படும் முகவரிகளைத் தொகுதி தொகுதியாகத் தடை செய்வதையே புதிய குழுக்கள் பாதுகாப்பு என்று நினைக்கின்றன. சிவப்புக் குழு முகவரியை மாற்றிக்கொண்டே இருக்கும், கடைசியில் அடிபடுவது வாடிக்கையாளர்தான். நிஜ நிறுவனத்தில் இப்படிச் செய்தால் மறுநாள் வேலை இருக்காது. ஓட்டையை அடைக்கக் கற்றுக்கொள்ளுங்கள்.

வைகைக்கரையான்:

மிக்க நன்றி அக்கா, நன்றி அண்ணா. லினக்ஸ் ஓரளவு வரும், விண்டோஸ் வலையமைப்பில் பயனர் கணக்குகளை நிர்வகிக்கும் ஆக்டிவ் டைரக்டரியைத் தொட்டதே இல்லை. தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கிறது. எதில் தொடங்கலாம்?

நிலா_நீலக்குழு:

ஆக்டிவ் டைரக்டரியில்தான். லினக்ஸ் தெரிந்தவர்கள் தேர்வுக்கு நிறையப் பேர் வருவார்கள், விண்டோஸ் பக்கம்தான் எப்போதும் ஆள் குறைவு. விண்டோஸ் சர்வரின் சோதனைப் பதிப்பு 180 நாளுக்கு இலவசம். மடிக்கணினியில் விர்ச்சுவல்பாக்ஸ் (கணினிக்குள் கற்பனைக் கணினிகளை ஓட்டும் மென்பொருள்) போட்டு அதில் ஒரு டொமைன் கன்ட்ரோலரை நிறுவுங்கள், ஒரு உபுண்டு லினக்ஸில் இணையத்தளமும் அஞ்சலும் ஓடவிடுங்கள். முழு நிர்வாகி அதிகாரம் உள்ள டொமைன் அட்மின்ஸ் குழுவில் யார் இருக்கிறார்கள், எந்த ஷெட்யூல்டு டாஸ்க் (கிரானைப் போன்ற விண்டோஸ் வசதி) எதை இயக்குகிறது, எந்த போர்ட் திறந்திருக்கிறது என்று பார்க்கப் பழகுங்கள்.

பிறகு உங்கள் அறை நண்பரிடம் அந்த இயந்திரங்களைக் கொடுத்து, நான்கைந்து இடங்களில் ஏதாவது மறைத்துவைக்கச் சொல்லுங்கள். அரை மணி நேரத்துக்குள் கண்டுபிடியுங்கள், அதற்குள் இணையத்தளமும் அஞ்சலும் ஒருமுறைகூட நிற்கக் கூடாது. கண்டுபிடித்ததை ஒரு பக்க அறிக்கையாக எழுதி இந்த இழையிலேயே போடுங்கள், நான் படித்துத் திருத்தித் தருகிறேன்.