கொடைக்கானல் நாயுடுபுரம் ஹோம்ஸ்டே குழு: கூகுள் விளம்பர பில்

கமலா அக்கா: கூகுள் ஆட்ஸ்ல நாளுக்கு 500 ரூபாதான் வச்சிருக்கேன். சனிக்கிழமை மட்டும் 940 காட்டுது. ரீஃபண்ட் கேக்கலாமா?

செல்வம்: அது சரியான பில்தான்க்கா. 500ங்கிறது சராசரி. தேடுறவங்க அதிகமான நாள்ல ரெண்டு மடங்கு, அதாவது 1,000 வரைக்கும் போகும், மத்த நாள்ல குறையும். மாசத்துக்கு சராசரியா 30.4 நாள்னு வச்சு 500 × 30.4 = 15,200. அதுக்கு மேல ஓடினதுக்கு பில் வராது. நடு மாசத்துல பட்ஜெட்டை மாத்தினா இந்தக் கணக்கும் மாறிடும்.

மீனா: 18% ஜிஎஸ்டி தனி. 2,736 சேர்ந்து 17,936 ஆகும். கார்டுல கூடுதலா போயிருக்குன்னு பயப்படாதீங்க.

ரஃபீக்: ஒவ்வொரு கிளிக்குக்கும் காசு போகுமே, ஒருத்தனே வேணும்னு விளம்பரத்தைப் பத்து தடவை அமுக்கினா?

செல்வம்: அதுக்குத்தான் அண்ணே ரீஃபண்ட் பேச்சே. பெரும்பாலும் கூகுளே தானா வடிகட்டிரும், காசு எடுக்காது. கேம்பெயின் (நாம ஓட்டுற விளம்பரம்) பக்கத்துல 'காலம்ஸ்' போய் 'இன்வேலிட் கிளிக்ஸ்', அதாவது செல்லாத கிளிக்குகள்ங்கிறதைச் சேத்துப் பாருங்க, எண்ணிக்கை தெரியும். பின்னாடி கண்டுபிடிச்சா பில்லிங் டிரான்சாக்‌ஷன்ஸ்ல வரவு வைப்பாங்க. கையில காசா வராது, அடுத்த கிளிக்குகள்ல கழியும். அப்பவும் விட்டுப்போனா, விசாரிக்கச் சொல்லி கூகுளுக்கு 'கிளிக் குவாலிட்டி ஃபார்ம்' போடணும். கடைசி 60 நாள்ல நடந்ததைத்தான் பாப்பாங்க. தேதி, கேம்பெயின் பேரு, வெப்சைட் சர்வர் லாக்ல (வந்துபோனவங்க பதிவு) இருக்கிற ஐபி (இன்டர்நெட் முகவரி எண்), நேரம் எல்லாம் வேணும். "கிளிக் நிறைய, புக்கிங் இல்ல"ன்னா நிக்காது. ஒரே ஐபி திரும்பத் திரும்ப வந்தாலும் மோசடின்னு முடிவு கட்டிடாதீங்க, மொபைல் நெட்ல பல பேருக்கு ஒரே ஐபி போகும்.

மீனா: நம்ம ஊருக்குப் பெரிய ஓட்டை வேற இடத்துல இருக்கு. 'கொடைக்கானல்'னு பிராட் மேட்ச், அதாவது அதோட சம்பந்தப்பட்ட எல்லாத் தேடலுக்கும் விளம்பரம் காட்டுற மாதிரி போட்டா, ஊருக்குள்ள வர்றதுக்கான இ-பாஸ் தேடுறவங்களும் வந்து அமுக்குவாங்க. நிஜ ஆள், நிஜ கிளிக். ஒரு பைசா திரும்பாது. ஜனங்க என்ன தேடி வந்தாங்கன்னு காட்டுற சர்ச் டெர்ம்ஸ் ரிப்போர்ட் பாத்து இ-பாஸ், பஸ் டைம், வெதர் எல்லாத்தையும் நெகட்டிவ் கீவேர்டா (இதைத் தேடினா விளம்பரம் காட்டாதேங்கிற வார்த்தையா) போடுங்க. சேத்து எழுதினது, பிரிச்சு எழுதினது, தமிழ்ல எழுதினது மூணையும் போடணும்.

ரஃபீக்: இந்தப் பில் தப்புன்னு பேங்க்ல டிஸ்ப்யூட் போட்டா காசு சீக்கிரம் வருமே?

செல்வம்: வேண்டாம்ணே. அப்படிக் காசை இழுத்தா விளம்பரக் கணக்கையே முடக்கிருவாங்க. ஏப்ரல், மே சீசன்ல அப்படி ஆனா தாங்காது. கார்டு விவரமே திருடு போயிருந்தா மட்டும் உடனே பேங்குக்குச் சொல்லிருங்க.

கமலா அக்கா: முன்பணம் போட்டதுல மீதி கிடக்கே?

மீனா: விளம்பரத்தை நிறுத்தி மட்டும் வச்சா (pause) அப்படியேதான் கிடக்கும். கணக்கை ரத்து பண்ணினாதான் திரும்பும். கூப்பன்ல வந்த தொகை திரும்பாது.

கமலா அக்கா: இப்போதைக்கு ரத்து வேண்டாம். சர்ச் டெர்ம்ஸ் ஸ்கிரீன்ஷாட் போடுறேன், எதை வெட்டணும்னு பாத்துச் சொல்லும்மா.

மீனா: 30 நாளுக்கு எடுங்கக்கா. அதிகம் காசு தின்ன வார்த்தை மேல வர்ற மாதிரி வரிசைப்படுத்தி அனுப்புங்க.