ரவா தோசை லேட்டானா சப்ளையர் என்ன பண்ணுவான்? ஹோட்டல் வேலை பார்த்தவங்க கொஞ்சம் சொல்லுங்க

கோவை_சப்ளையர்:
எல்லாருக்கும் வணக்கங்க. கோயமுத்தூர்ல ஒரு சைவ ஹோட்டல்ல ஏழு மாசமா சப்ளையரா இருக்கேன், சாயங்கால ஷிப்ட்டு, நாலு மணிக்கு உள்ள போனா டேபிளெல்லாம் தொடச்சு முடிச்சு வெளிய வர 11.30 ஆயிருதுங்க. வேலை கஷ்டம்னு சொல்ல வரல, ஞாயித்துக்கிழமை நடந்ததுதான் மனசுல இருந்து போகவே மாட்டேங்குது.

அன்னைக்கு கூட இருக்கற பையன் ஊருக்குப் போயிட்டான், அவனோட டேபிளும் சேர்ந்து எனக்கு 11 டேபிள். ஆறு பேர் ஒரு குடும்பமா வந்தாங்க, ஆனியன் ரவா மூணு, நெய் ரோஸ்ட் ரெண்டு, குழந்தைக்கு இட்லி. இட்லியும் ரோஸ்ட்டும் வந்துருச்சு, ரவா வரல. ரவா மாவு தண்ணியாட்டம் இருக்கும்ங்க, கல்லுல தெளிச்சு ஊத்தி மெதுவாத்தான் முறுகணும், அவசரப்பட்டு எடுத்தா கிழிஞ்சிரும், அதுவுமில்லாம கூட்ட நேரத்துல மாஸ்டர் ஒண்ணுக்கு ரெண்டுக்கெல்லாம் ஊத்த மாட்டாரு, நாலஞ்சு ஆர்டர் சேர்ந்தாத்தான் கல்லு முழுக்க ரவாவா போடுவாரு. நான் மூணு தடவை உள்ள போய்க் கேட்டுட்டேன். அந்த சார் எந்திரிச்சு நின்னு "டேய் இங்க வாடா, தூங்கறியாடா"ன்னு ஹால் முழுக்க கேக்கற மாதிரி கத்துனாரு. என் அப்பா வயசு இருக்கும் அவருக்கு. பக்கத்து டேபிள்ல இருந்தவங்க எல்லாம் சாப்பிடறத நிறுத்திட்டு என்னையப் பார்த்தாங்க.

ரவா வர்றதுக்குள்ள வந்ததுக்கு மட்டும் காசக் குடுத்துட்டுப் போயிட்டாங்க. அப்பறம் வந்த மூணு ரவாவுக்கு 330 ரூபாய என் சம்பளத்துல பிடிச்சுட்டாரு மேனேஜர். கத்தறவங்ககிட்ட என்னதாங்க சொல்றது? இந்தப் பிடிப்பு நியாயமா? வேற வேலை பாத்துக்கலாமான்னு இருக்கு.

மதுரக்காரன்:
தம்பி, 26 வருஷமா இதே வேலைதான் பாக்குறேன். எலையில சாம்பார் வாளி தூக்குன காலத்துல இருந்து பாக்குறேன், பேச்சு வாங்காத சப்ளையரே கிடையாது, ஆனா "டா" போட்டுக் கூப்புடுறது எத்தன வருஷமானாலும் வலிக்கத்தான் செய்யும், அத வலிக்கலன்னு யாராவது சொன்னா நம்பாத.

தொழில் விஷயம் ரெண்டு சொல்றேன். ரவான்னு சொன்ன ஒடனேயே "சார் இருவது நிமிசம் ஆகும், ரோஸ்ட்டுன்னா அஞ்சு நிமிசத்துல குடுத்துர்றேன், எதச் சொல்ல"ன்னு கேட்டுரு. முக்காவாசிப் பேரு ரோஸ்ட்டுக்கு மாறிருவாய்ங்க. காத்திருக்கேன்னு சொன்னவரு அப்பறம் கத்த மாட்டாரு, ஏன்னா அவரே ஒத்துக்கிட்ட நேரம் அது. அடுத்தது, ஒரே டேபிள்ல ரவாவும் ரோஸ்ட்டும் இருந்துச்சுன்னா ரோஸ்ட்டுக்கு டோக்கன உடனே குடுக்காத, ரவா கல்லுல விழுந்தப்பறம் குடு, ரெண்டும் ஒண்ணா வரும். ஒருத்தர் திங்க இன்னொருத்தர் வேடிக்க பாத்துக்கிட்டு இருந்தா அங்கதான் கோவம் ஏறுது.

லேட்டானா நம்ம என்ன செய்வோம், அந்த டேபிள் பக்கமே போகாம சுத்திப் போவோம். அதச் செய்யாத தம்பி. தண்ணி ஊத்துற சாக்குலயாவது போயி "இப்ப கல்லுல இருக்கு சார்"னு ஒரு வார்த்த சொல்லிட்டு வா.

இன்னொரு வருத்தமும் இருக்கு. முன்னாடியெல்லாம் பில்ல சோம்புத் தட்டுல வப்போம், மீதிச் சில்லறைய அப்படியே விட்டுட்டுப் போவாய்ங்க, எனக்கு பஸ்ஸுக்கும் டீக்கும் அதுலயே ஓடிரும். இப்ப எல்லாம் ஸ்கேன் பண்றாய்ங்க, 437 ரூபான்னா 437 தான். குடுக்கக் கூடாதுன்னு இல்ல, கையில சில்லறையே இல்லாமப் போச்சு. பேச்சு மட்டும் அப்படியே இருக்கு.

ஓஎம்ஆர்_அனு:
நான் சென்னைல ஏசி ரெஸ்டாரன்ட்ல ஆர்டர் எடுக்கிறேன். எங்களுக்கு வேற மாதிரி பிரச்சனை, பில்லுல சர்வீஸ் சார்ஜ் 10% ஓனர் போடுறாரு, திட்டு எனக்கு. கஸ்டமர் கேக்குறது சரிதான்னு எனக்கே தெரியும், அத கட்டாயமா போடக்கூடாதுன்னு 2022 ஜூலைலயே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொல்லிட்டாங்க, 2025 மார்ச்ல டெல்லி ஹைகோர்ட்டும் அத சரின்னு சொல்லிருச்சு. எடுத்துடுங்கன்னு சாதாரணமா சொன்னாலே போதும், நானே கேஷ் கவுன்ட்டர்ல சொல்லி வேற பில் வாங்கித் தருவேன், எடுக்க மாட்டேன்னு சொன்னா நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் பண்ணலாம். ஆனா நிறைய பேர் "எங்க காச திருடுறீங்களா"ன்னு என் முகத்துக்கு நேரா கேக்குறாங்க. அந்த 10%ல ஒரு ரூபா கூட எங்க கைக்கு வந்ததில்ல.

அப்புறம் "நம்பர் குடுமா, அடுத்த தடவை டேபிள் சொல்ல"ன்னு கேக்குற ஆளுங்க. பழைய மேனேஜர் சிரிச்சு சமாளின்னு சொல்லுவாரு. இப்ப இருக்குற அக்கா என்னை உடனே அந்த டேபிள்ல இருந்து எடுத்துட்டு அவங்களே போய் நிப்பாங்க. நான் இன்னும் இந்த வேலைல இருக்குறதுக்கு அவங்கதான் காரணம். கோவை தம்பி, உங்க மேனேஜர் அன்னைக்கு எங்க இருந்தாரு? கூட்ட நேரத்துல 11 டேபிள குடுத்துட்டு கல்லாவுல உக்காந்துட்டு இருந்தா அது அவர் தப்பு.

தினமும்_வெளிச்சாப்பாடு:
கஸ்டமர் பக்கமும் ஒண்ணு சொல்லணும். தனியா போய் உக்காந்தா பத்து நிமிஷம் யாருமே வர மாட்டாங்க, குடும்பமா வந்தவங்களுக்குத்தான் முதல்ல போவாங்க, கை தூக்குனா பார்த்துட்டே போவாங்க. அதுக்குக் கோபம் வராதா? டா போட்டது தப்புதான், அதுல மாற்றுக் கருத்து இல்ல.

மதுரக்காரன்:
வரும்ணே, நாயமான கோவந்தான். தனியா வந்தவர விடுறது தப்பு, புதுப் பசங்களுக்கு நான் மொதல்ல சொல்றதே அதத்தான். ஆனா பாத்துட்டுப் போறவன் கையில நாலு டேபிள் ஆர்டர் இருக்கும், அதையும் யோசிங்க.

தொழிற்சங்கத்_தோழர்:
அந்த 330 ரூபாய விடாதீங்க தம்பி. தொழிலாளியோட கவனக்குறைவால நேரடியா வந்த நஷ்டத்துக்குத்தான் சம்பளத்துல பிடிக்கலாம், அதுவும் பிடிக்கிறதுக்கு முன்னாடி அவர் பக்கத்தைச் சொல்ல வாய்ப்பு குடுக்கணும். 1936 சம்பளச் சட்டத்துல இருந்தது, அதுக்குப் பதிலா வந்த ஊதியச் சட்டத் தொகுப்புலயும் இருக்கு. மாஸ்டர் லேட்டா போட்டது உங்க கவனக்குறைவு ஆகாது. முதல்ல மேனேஜர்கிட்ட மரியாதையா கேளுங்க, ஏன் பிடிச்சீங்கன்னு எழுதிக் கேளுங்க. எந்தத் தேதி, எவ்வளவுன்னு ஒரு நோட்டுல குறிச்சு வைங்க. திரும்பத் திரும்பப் பிடிச்சா தொழிலாளர் துறை அலுவலகத்துல மனு குடுக்கலாம், நோட்டு அப்ப உதவும்.

கோவை_சப்ளையர்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. மதுரை அண்ணா சொன்ன மாதிரி நேத்து ரவா கேட்டவங்ககிட்ட எல்லாம் நேரத்த முன்னாடியே சொன்னேன், ஒம்பது பேர்ல ஆறு பேர் ரோஸ்ட்டுக்கு மாறிட்டாங்க, ஒரு பாட்டி மட்டும் "நீ மெதுவாவே கொண்டா சாமி, நான் எங்கயும் போகல"ன்னு சொல்லிட்டு உக்காந்திருந்தாங்க.

அனு அக்கா, மேனேஜர் அன்னைக்கு கல்லாவுலதான் இருந்தாருங்க, எல்லாத்தையும் பார்த்துட்டுதான் இருந்தாரு. அந்தக் கத்துனத விட அதுதான் எனக்கு அதிகமா வலிச்சதுன்னு நீங்க கேட்டப்பறம்தான் புரியுது. 330 ரூபாய் பத்தி இன்னைக்கு ஷிப்ட்டுக்கு முன்னாடி கேட்டேன். ஒண்ணாந்தேதி பாத்துக்கலாம்னு சொல்லிட்டாரு. நோட்டு ஒண்ணு வாங்கிட்டேங்க, முதல் வரியா அதையே எழுதிட்டேன்.