கயிறு வாங்க வந்த பையன்களும் பிரான்மலையும்: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

கயிற்றுக்கடைக்காரர், காரைக்குடி

என் கடையில் யார் கயிறு கேட்டாலும் "எதுக்குப்பா?" என்று கேட்டுவிட்டுத்தான் அளப்பேன். கிணற்றுக்கு ஒன்று, பந்தலுக்கு ஒன்று, லாரி தார்ப்பாய்க்கு வேறொன்று. தப்பான கயிற்றைக் கொடுத்தால் பழி நம் தலையில்தான் விழும்.

போன மாசியில் ஒரு சனிக்கிழமை, கடை எடுத்து வைக்கிற நேரத்தில் மூன்று காலேஜ் பையன்கள் வந்தார்கள். "அண்ணே, நைலான் கயிறு அம்பதடி. நல்லா ஸ்ட்ராங்கா." அவர்களில் ஒருவன் கல்லா பக்கத்தில் தொங்கிய சாவிக் கொக்கிகளைக் காட்டி, "இதுலயும் நாலு" என்றான். எதுக்கு என்று கேட்டேன். "பிரான்மலைண்ணே. பாதையில போகாம பாறையில நேரா ஏறப்போறோம். இடுப்புல கட்டிக்குவோம்."

வெட்டுகிற கத்தி கையில்தான் இருந்தது. வைத்துவிட்டு அவர்களை உட்காரச் சொன்னேன்.

இருபது வருஷமாகக் கயிறு விற்கிறேன். நைலான் என்று நாம் சொல்லி விற்பதில் பெரும்பங்கு நைலானே இல்லை, வேறொரு பிளாஸ்டிக் நூல். கடை வாசலில் ஒரு கோடை முழுக்கத் தொங்கினால் வெளுத்து, தொட்டால் நார் உதிரும். மூட்டையைக் கட்ட அது போதும். மனுஷன் விழுவது வேறு கணக்கு. மூட்டையை மெல்ல இறக்குவதும், அதே மூட்டை ஆறடி கீழே விழுந்து கயிற்றில் வெடுக்கென்று நிற்பதும் ஒன்றல்ல. மலையேற்றத்துக்கென்று செய்கிற டைனமிக் ரோப் அந்த நேரத்தில் நீண்டு கொடுத்து, அந்த அடியை வாங்கிக்கொள்ளும். ஒற்றைக் கயிறாகப் பயன்படுத்துவதை 80 கிலோ எடையை விழவைத்துத்தான் சோதிக்கிறார்கள். அப்போது ஏற்படும் இழுப்பு 12 கிலோ நியூட்டனை, அதாவது ஏறக்குறைய 1,200 கிலோ எடையின் இழுப்பைத் தாண்டக் கூடாது. என் கடைக் கயிறு அப்படி நீளாது. அந்த அடி முழுக்க விலாவிலும் முதுகெலும்பிலும் இறங்கும். ஹார்னெஸ் என்பது எடையைத் தொடைக்கும் இடுப்பெலும்புக்கும் பிரித்துக் கொடுக்கிற வார். இடுப்பில் சுற்றிய கயிறு வயிற்றை நெரிக்கும்.

சொல்லச் சொல்லத் தலையாட்டினார்கள். நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அதனால் அந்தக் கொக்கியில் ஒன்றை வைஸில் மாட்டி, ஒரு கம்பியைக் கொடுத்து, "நீயே நெம்பு தம்பி" என்றேன். ஒரே நெம்பில் வாயைப் பிளந்துகொண்டது. மலையேற்றத்துக்கான கொக்கியான காரபினரில் எவ்வளவு தாங்கும் என்பதை அதன் உடம்பிலேயே பொறித்திருப்பார்கள். வாய் மூடிய நிலையில் நீளவாக்கில் பொதுவாகக் குறைந்தது 20 கிலோ நியூட்டன், அதாவது ஏறக்குறைய 2,000 கிலோ எடை. மூன்று பேரும் பிளந்த கொக்கியைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள்.

"அப்ப போகக் கூடாதாண்ணே?" என்று சின்னவன் கேட்டான். அவன் குரல் இன்னும் காதில் இருக்கிறது. போகாதே என்று சொல்லி அனுப்பியிருந்தால் அடுத்த கடையில் வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள். "போகலாம். பாதையில நடந்து போவோம். நானும் வர்றேன்" என்றேன்.

மறுநாள் இருட்டோடு கிளம்பினோம். திருப்பத்தூர் தாண்டி சிங்கம்புணரி. தென்னைநார்க் கயிறு திரிக்கிற ஊர். எனக்குச் சரக்கும் அங்கிருந்துதான் வருகிறது. அங்கே டீ குடித்துவிட்டு, விடிகிற நேரத்தில் மலையடிவாரம். பாரியின் பறம்புமலை இதுதான் என்பதே பையன்களுக்கு அன்றுதான் தெரியும். கீழே சம்பந்தர் பாடிய கொடுங்குன்றநாதர் கோயில், உச்சியில் தர்கா. இரண்டுக்கும் ஜனம் வருகிற மலை.

ஏறும்போது ஒரு பிரச்சினையும் இல்லை. இறங்கும்போது நடுப்பையன் குறுக்கே போகிறேன் என்று ஒரு மொட்டைப் பாறையில் இறங்கினான். பத்தடி போனதும் கால் நடுங்கி, அப்படியே ஒட்டிக்கொண்டான். ஏறும்போது கண் முன்னால் இருக்கிற பிடி, இறங்கும்போது வயிற்றுக்குக் கீழே மறைந்துவிடும். தேய்ந்த ஷூ வேறு. மற்ற இருவரும் அவனுக்கு நேர் கீழே ஓடிப்போய்க் கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். முதலில் அவர்களைத்தான் விரட்டினேன். அவன் சரிந்தால் மூன்று பேரும் போவார்கள்.

"கீழே பாக்காதே" என்று கத்த வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன். கால் எங்கே போகிறது என்று அவன் பார்த்துத்தான் ஆக வேண்டும். "பாறையைப் பார்த்துத் திரும்பு. ரெண்டு கையும் ஊணு. இடது காலை மட்டும் ஒரு சாண் பக்கவாட்டுல நகத்து" என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். பத்தடியைக் கடக்க இருபது நிமிஷம் ஆனது. அவன் நகரவே முடியாமல் போயிருந்தால், இருந்த இடத்திலேயே உட்காரவைத்துவிட்டு 112-க்குப் போன் செய்திருப்பேன். நான் இறங்கித் தூக்கியிருக்க மாட்டேன். அந்தப் பயிற்சி எனக்கு இல்லை.

உங்களில் எத்தனை பேருக்கு இந்த மாதிரி நடந்திருக்கிறது? எழுதுங்கள்.

பள்ளத்தூர் டீச்சர்

அண்ணே, நீங்கள் அந்தப் பிள்ளைகளோடு கூடப் போனதைப் படித்துக் கண் கலங்கிவிட்டது.

எனக்கு நடந்ததும் இதே மலையில்தான். அம்மாவைக் கூட்டிக்கொண்டு மெதுவாக ஏறிக்கொண்டிருந்தேன். மேலே சில பிள்ளைகள் கல்லை உருட்டி, எது எவ்வளவு தூரம் போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். தேங்காய் அளவுக் கல் ஒன்று துள்ளித் துள்ளி வந்து, எங்களுக்கு ஒரு முழம் தள்ளி விழுந்து சிதறியது. மேலேயிருந்து ஒரு சத்தம் இல்லை. கீழே ஆள் வருவதே அவர்களுக்குத் தெரியவில்லை.

கோபம் தலைக்கேறியது. ஆனால் மேலே போய்ச் சேர்ந்தபோது, என் அம்மா மூச்சு வாங்க நிற்பதைப் பார்த்த ஒரு பையன் தண்ணீர் பாட்டிலை நீட்டினான். அதனால் திட்டாமல், அவனை விளிம்புக்கு ஓரமாக அழைத்து, நாங்கள் வந்த வளைவைக் காட்டினேன். அவன் முகம் வெளிறிப்போனது. "தெரியாம கால் பட்டு உருண்டாலும் 'கல்லு!'ன்னு அடித்தொண்டையில கத்துப்பா. கீழ இருக்கவங்க சட்டுனு பாறையோட ஒட்டிக்குவாங்க" என்றேன். கீழே இருப்பவர்களும் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும்: சத்தம் கேட்டதும் அண்ணாந்து பார்க்கக் கூடாது. பையைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு சுவரோடு ஒண்ட வேண்டும்.

இன்னொன்று. பாறை இடுக்கில் மலைத்தேனீ கூடு தொங்குகிற இடங்களில் ஸ்பீக்கர் வைத்துப் பாட்டுப் போடாதீர்கள், புகை போடாதீர்கள், சென்ட் அடித்துக்கொண்டும் வராதீர்கள். கலைந்துவிட்டால் நின்று கையை வீசாமல், முகத்தை மூடிக்கொண்டு விலகி ஓடுவதுதான் வழி. கொட்டிய கொடுக்கை உடனே நகத்தால் சுரண்டி எடுத்துவிடுங்கள்.

எதிரே வயதானவர்கள் வந்தால் மலைப்பக்கம் ஒதுங்கி நில்லுங்கள். பள்ளத்துப் பக்கம் ஒதுங்கி மரியாதை காட்ட வேண்டாம்.

தேவகோட்டைக்காரன், இப்போது பெங்களூரு

அண்ணே, டீச்சர், வணக்கம். நான் பெங்களூரு பக்கத்து ராமநகரத்தில் பாறையில் கயிறு போட்டு ஏறப் பழகுகிறேன். ஞாயிற்றுக்கிழமை ஒரே பாறையில் நாலைந்து குழு நிற்கும். பாதிப் பேர் என்னைப் போலப் புதியவர்கள்.

முதல் நாள் ஒருவருடைய கயிற்றை மிதித்துக்கொண்டு நின்றேன். அவர் பக்கத்தில் வந்து, "மிதிச்சா மணல் உள்ள போய் நாரை அறுக்கும்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். இன்னொரு நாள் என் ஹார்னெஸ் பக்கிள் முழுதாகப் பூட்டாமல் இருந்ததை, முன்பின் தெரியாத ஓர் அக்கா பார்த்துச் சொன்னார். என் கூட்டாளி பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் தரையை விட்டுக் கால் எடுக்கும் முன் நான் அவனுடைய பக்கிள், முடிச்சு, காரபினர் பூட்டு எல்லாவற்றையும் தொட்டுப் பார்ப்பேன். அவன் என்னுடையதைப் பார்ப்பான். கயிற்றின் மறுநுனியில் ஒரு முடிச்சு இருக்கிறதா என்பதையும் பார்ப்போம். ஆளை இறக்கும்போது கயிறு நீளம் போதாமல் நுனி பிடியிலிருந்து உருவிப் போவது அனுபவசாலிகளுக்கும் நடக்கிற விபத்து.

ஒரு தப்பைப் பார்த்தால் யாரிடம் சொல்வது என்பதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். பாதிப் பாறையில் இருந்த ஒருவரிடம் கீழேயிருந்து கத்தினேன். அவர் திரும்பிப் பார்த்து, பிடி நழுவித் தொங்கினார். நல்லவேளை, கயிறு பிடித்தவர் விடவில்லை. இப்போது கயிறு பிடிப்பவரின் பக்கத்தில் போய் அவர் காதில் மட்டும் சொல்கிறேன். ஏறுபவரின் உயிர் அந்தக் கணத்தில் ஊசலாடினால் ஒழிய மேலே பார்த்துக் கூப்பிடுவதில்லை.

அங்கே ராமதேவர பெட்டா என்கிற குன்றுப் பக்கம் பிணந்தின்னிக் கழுகுகள் கூடு கட்டுகின்றன. 2012-ல் அதைக் கழுகுச் சரணாலயமாக அறிவித்தார்கள். அந்தப் பாறைகளில் ஏறக் கூடாது. எங்கள் குழுவில் ஒருவர் ஆசைப்பட்டார், நாங்கள் விடவில்லை. நம் ஊர்ப் பக்கம் குகைகளிலும் பாறைகளிலும் பழைய கல்வெட்டுகள் உண்டு. அங்கே பிடி வழுக்காமல் இருக்கப் பூசுகிற சாக் பொடிக் கையை வைக்காமல், பேர் எழுதாமல் இருங்கள், தம்பிகளா.

கயிற்றுக்கடைக்காரர், காரைக்குடி

தம்பி, காதில் மட்டும் சொல்வது என்று எழுதினாயே, அதை அந்தப் பையன்களிடம் வாசித்துக் காட்டினேன். நடுப்பையன் இப்போது உத்தரகாசியில் உள்ள நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தின் அடிப்படை வகுப்புக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறான். வீட்டில் சம்மதம் வாங்க நான்தான் போய்ப் பேசினேன்.

சாவிக் கொக்கிகளைக் கயிற்றுப் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டேன். தனி டப்பாவில் போட்டு, "சாவிக்கு மட்டும். ஆள் எடை தாங்காது" என்று பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறேன். பிளந்த கொக்கி அதன் மேலேயே தொங்குகிறது.

டீச்சர், வருகிற ஞாயிறு அதிகாலை 5 மணிக்குக் கடை வாசலிலிருந்து கிளம்புகிறோம். அம்மாவுக்கு முடிந்தால் அவரையும் அழைத்து வாருங்கள், பாதி தூரம் போதும். ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர். மோர் நான் கொண்டு வருகிறேன்.