பொருள்: மறு: கார்னியாடிசின் ‘பிதனோன்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

குழு நண்பர்களுக்கு வணக்கம். உறுதி இல்லாவிட்டாலும் நம்மை நம்ப வைக்கிற தோற்றத்தைப் பழைய கிரேக்க மெய்யியலாளர் கார்னியாடிஸ் ‘பிதனோன்’ என்றார்; அதற்குத்தான் தமிழ்ச்சொல் தேடுகிறோம்.

> ஆங்கில நூல்களில் ‘பிராபபிள்’ என்றுதான் போடுகிறார்கள். ‘நிகழ்தகவு’ பாடநூலிலேயே இருக்கிறது. புதுச்சொல் எதற்கு?

ஐயா, பாடநூலில் இருப்பதுதான் சிக்கல். நிகழ்தகவு என்றதும் பகடையும் நாணயமும் நினைவுக்கு வரும், 0-க்கும் 1-க்கும் நடுவே ஓர் எண்ணைத் தேடுவோம். கி.மு. 2ஆம் நூற்றாண்டில் ஏதென்சில் பிளேட்டோ நிறுவிய அகாதமி என்ற மெய்யியல் பள்ளியின் தலைவராக இருந்த கார்னியாடிஸ் எந்தக் கணக்கும் போடவில்லை. கணித அறிஞர்கள் பாஸ்கலும் ஃபெர்மாவும் அந்தக் கணக்கைப் பற்றிக் கடிதம் எழுதிக்கொண்டது 1654-ல். இந்தக் குழப்பம் ரோமானிய எழுத்தாளர் சிசெரோவிடமிருந்து வந்தது: அவர் பிதனோனை லத்தீனில் ‘ப்ரோபாபிலே’ ஆக்கினார், பிற்காலக் கணிதம் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டது.

கிரேக்கச் சொல்லையே வைத்துக்கொள்ளலாம் என்ற யோசனையும் வந்தது. தமிழ்க் காதில் அது ‘பித்தன்’ என்றுதான் விழும். பாவம், விட்டுவிடலாம்.

சரி, அவர் சொன்னது என்ன? பொய்யாக இருக்கவே முடியாத அளவுக்குத் தெளிவான தோற்றங்கள் உண்டு, அறிவுக்கு அவையே அடித்தளம் என்றார்கள் அகாதமிக்குப் போட்டியான மெய்யியல் பள்ளியைச் சேர்ந்த ஸ்டோயிக்குகள். இரட்டைப் பிள்ளைகளையும் இரண்டு முட்டைகளையும் காட்டி அகாதமியினர் அதை மறுத்தார்கள்: மெய்த் தோற்றம் எதுவானாலும், அச்சு அசலாக அதே போன்ற பொய்த் தோற்றமும் வர முடியும். அப்படியானால் எதை வைத்து நடமாடுவது? அந்தக் கேள்விக்குத்தான் பிதனோன் விடை: நம்மை நம்ப வைக்கிற தோற்றம். அது பொய்யாகவும் இருந்துவிடலாம், ஆனாலும் வாழ்க்கைக்கு அது போதும்.

இந்தக் கருத்துகளைப் பிற்காலத்தில் எழுதி வைத்த செக்ஸ்டஸ் எம்பிரிகஸ் தரும் எடுத்துக்காட்டு நமக்குப் பழக்கமானதுதான். இருட்டறையில் சுருண்டு கிடக்கிறது ஒரு கயிறு. பாம்பென்று எண்ணித் தாண்டிக் குதிக்கிறான் ஒருவன். திரும்பிப் பார்த்தால் அசையவில்லை. கயிறாக இருக்கும் என்று தோன்றுகிறது. ஆனால் குளிர்காலத்தில் பாம்பும் விறைத்துக் கிடக்குமே! கோலால் குத்திப் பார்க்கிறான். அப்புறம்தான் கயிறு என்று கொள்கிறான். நம் வேதாந்திகளின் கயிற்றரவில் கடைசியில் கயிறு உறுதியாகத் தெரிந்துவிடும். இங்கே குத்திப் பார்த்த பிறகும் உறுதி கிடையாது, நம்பிக்கை ஒரு படி ஏறியிருக்கிறது, அவ்வளவே.

> ‘தேற்றம்’ அழகான பழஞ்சொல் அல்லவா?

அழகுதான். ஆனால் இலக்கணத்தில் தேற்ற ஏகாரம் உறுதிப்பொருள் தருவது; கணக்கில் தேற்றம் என்றால் நிறுவப்பட்டது. கார்னியாடிஸ் இல்லை என்று மறுத்ததே அந்த உறுதியைத்தான்.

‘இசைவு’ (ஒரு தோற்றத்தை மெய்யென்று மனம் ஏற்பது) சேர்ந்த சொற்களும் எனக்கு ஒப்புதல் இல்லை. கி.மு. 155-ல் ஏதென்சின் தூதராக ரோமுக்குப் போன கார்னியாடிஸ் ஒருநாள் நீதியை ஆதரித்துப் பேசினார், மறுநாள் அதே நீதியை எதிர்த்துப் பேசினார். இளைஞர்கள் மயங்கினார்கள், ரோமானிய அரசியல்வாதி கேட்டோ பதறி, தூதர்களைச் சீக்கிரம் ஊருக்கு அனுப்பச் சொன்னார். கார்னியாடிஸ் எதையும் எழுதி வைக்கவில்லை. கார்த்தேஜிலிருந்து வந்து அவரிடம் படித்த கிளைட்டோமாக்கஸ், ஆசிரியர் எதை ஏற்கிறார் என்பது தனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை என்றார். தோற்றத்தைப் பின்பற்றலாம், அதற்கு மனம் இசைய வேண்டியதில்லை என்பதுதான் கிளைட்டோமாக்கசின் விளக்கம். ஆகவே சொல்லுக்குள் இசைவு நுழையக்கூடாது.

என் பரிந்துரை: நம்புதகவு. தோற்றத்தைக் குறிக்கையில் ‘நம்புதகு தோற்றம்’. நிகழ்தகவுக்கு இது பங்காளிபோல் ஒலிப்பது நல்லதே, உறவு தெரியும், ஆள் மாறாட்டமும் வராது. ‘தகு’ என்பது தகுதியைச் சொல்கிறதே, கிரேக்கத்தில் வெறும் ஈர்ப்புதானே என்று கேட்பீர்கள். முதல் படிக்கு அது நியாயமான கேள்வி. ஆனால் கார்னியாடிஸ் மூன்று படி வைத்து (நம்ப வைப்பது, வேறு தோற்றத்தால் இழுபடாதது, ஆராய்ந்து பார்த்தது), காரியம் பெரிதாகப் பெரிதாகக் கூடுதல் சோதனை கேட்கிறார். சோதனையில் தேறித்தான் அந்தத் தகுதி வருகிறது.

மூன்றாம் படிக்கு ‘ஆய்ந்த நம்புதகவு’ போதும். இரண்டாவதுதான் இடிக்கிறது. கிரேக்கப் புராணக் கதை ஒன்றில், இறந்துபோன அல்செஸ்டிசை வீரர் ஹெராக்ளிஸ் உயிரோடு மீட்டு வந்து நிறுத்துகிறார். கணவன் அட்மீட்டசுக்கு அவள் கண்ணெதிரே தெரிகிறாள், ஆனால் அவள் செத்தது தெரியுமாதலால் நம்ப முடியவில்லை. ஒரு தோற்றத்தை வேறொன்று இப்படிப் பக்கவாட்டில் இழுத்துவிடாத நிலைக்கு ‘முரணிலா’ என்று வைத்திருக்கிறேன். இழுபடுதல் அதில் வரவில்லை. ‘இழுபடா நம்புதகவு’ என்றால் கொச்சையாகத் தோன்றுமா? சொல்லுங்கள்.