சந்தா நம்முடையது, பட்டியல் அவர்கள் பீரோவில்

ஆம்பூர்

ஷூ கம்பெனியில் ஸ்டிச்சிங் லைனில் இருந்தவன் நான். எங்கள் சங்கம் கூலி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட சேதியே நோட்டீஸ் போர்டைப் பார்த்துத்தான் எங்களுக்குத் தெரியும். கேட்டால், "அதெல்லாம் தலைவர் பார்த்துப்பார், நீ மெஷினைப் பாரு" என்பார்கள். தலைவர் வேலூரில் இருந்தார். மெஷின் பக்கம் உட்கார்ந்தவரே இல்லை.

தேர்தல் வையுங்கள் என்று கேட்டோம். சரி என்றார்கள். ஆனால் யார் யாருக்கு ஓட்டு? உறுப்பினர் பட்டியல் ஆபீஸ் பீரோவில், சாவி அவர்களிடம். மாதாமாதம் சந்தா கொடுத்த பெண்கள் பலருக்கு ரசீதே கிடையாது.

ராணிப்பேட்டையில் ரிட்டயரான பழைய சங்கக்காரர் ஒருவர்தான் வழி சொன்னார். அப்போது நடப்பில் இருந்தது 1926ஆம் ஆண்டு தொழிற்சங்கச் சட்டம். அதன் 20ஆம் பிரிவுப்படி கணக்குப் புத்தகத்தையும் உறுப்பினர் பட்டியலையும் பார்க்க எந்த உறுப்பினருக்கும் உரிமை உண்டு. நிர்வாகிகளின் பதவிக்காலம் 3 வருடத்துக்கு மேல் போகக் கூடாது என்று 2001இல் திருத்தமும் வந்திருந்தது. மனு எழுதி, நகலைத் தொழிற்சங்கப் பதிவாளருக்கும் அனுப்பினோம். நாங்கள் போட்ட சத்தத்தைவிட அந்த நகல்தான் வேலை செய்தது.

பட்டியல் வெளியே வந்தது. அப்புறம் கூட்ட நேரம். எப்போதும் ராத்திரி ஏழு மணிக்கு வைப்பார்கள். பேரணாம்பட்டுப் பக்கத்துப் பெண்களை ஏற்றிப் போகும் கம்பெனி வேன் ஆறு மணிக்கே கிளம்பிவிடும். எங்கள் லைனில் பெரும்பாலும் அவர்கள்தான்! ஞாயிற்றுக்கிழமை காலைக்கு மாற்ற வைத்தோம். முதல் கூட்டத்திலேயே ஒரு அக்கா எழுந்தார். "சட்டத்துல போனஸ் 8.33இலிருந்து 20 சதவீதம் வரைக்கும் இருக்காமே, நீங்க எத்தனையில பேச ஆரம்பிச்சீங்க?" மேடையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

தேர்தலில் பழைய தலைவரே மறுபடி வந்தார். பொருளாளர் மட்டும் ஸ்டிச்சிங்கிலிருந்து.

குடியாத்தம்

எங்கம்மா பீடி சுற்றுபவர். அவங்க சங்கத்தில் கை தூக்கித்தான் தேர்வு, பின்னால், வீட்டுக்கு இலையும் புகையிலைத் தூளும் கொடுக்கும் ஏஜென்ட்டின் ஆள் நின்று பார்த்துக்கொண்டிருப்பான். அவனுக்கு ஆகாதவருக்குக் கை தூக்கினால், மறுவாரம் கிழிசல் இலையும் எடை குறைந்த தூளும்தான் வரும். ஆயிரம் பீடிக் கணக்கு தேறாது, கூலியில் பிடிப்பார்கள்.

அதனால் ஓட்டுச் சீட்டு வேண்டும் என்று பெண்களே பிடிவாதமாக நின்றார்கள். தமிழ் படிக்கத் தெரியாதவர்கள், உருது பேசுகிறவர்கள் எல்லாம் இருப்பதால் பெயரோடு சின்னமும் போட்டார்கள்: கத்தரிக்கோல், முறம். ஏஜென்ட் நிறுத்தியவர் தோற்றுப் போனார். அந்த வாரமும் மட்டமான இலைதான் வந்தது. ஆனால் எல்லா வீட்டுக்கும். யார் எதில் குத்தினார்கள் என்று அவனுக்குத் தெரியாதே.